கடைசி வீட்டுக்குக் கேட்க வேண்டும்

மாடுகளைக் கூப்பிடுவதற்கு முன்பு ரெஜீன் குயெனோ தொப்பியைக் கழற்றிவிடுவார். கழற்றி, இரண்டாக மடித்து, இடுப்பு வாரில் செருகிக்கொள்வார். புறங்கையால் வாயைத் துடைப்பார். பிறகு இடது காதின் பின்னால் கட்டைவிரலை வைத்து, மடலை லேசாக முன்னே தள்ளிப் பிடித்தபடி நிற்பார். தெரியாதவர்கள் பார்த்தால் எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறார் என்று நினைப்பார்கள். அவர் காற்று ஓய்வதற்காகக் காத்திருக்கிறார். ஊசியிலை மரங்கள் அசைவை நிறுத்துகிற அந்த ஒரு கணத்தில் அவருடைய குதிகால்கள் தரையை விட்டு எழும்பும்.

"தே... தே... தேஏஏ!"

அவ்வளவுதான். சரிவு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகச் சிதறிக் கிடக்கும் மாடுகள் ஒன்றுபோலத் தலை தூக்கும். மாடுகள் மட்டுமா? எங்கள் மலையூரான ஷான்வெரே தலை தூக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டும் தெனி தன்னையறியாமல் பிரேக்கை மிதிப்பார். காபிக் கடையில் சீட்டாடுகிறவர்கள் போடவேண்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருப்பார்கள். "சைரன் ஊதிடுச்சு" என்பார் யாராவது. ரெஜீனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அறுபத்து மூன்று வயதிலும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. குரலும் போகவில்லை.

ரெஜீனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞானப்பிள்ளையும் இல்லை. எங்கள் ஊரில் இரண்டாவதுதான் பெரிய குறை. பிள்ளை இல்லாத பெண்ணுக்கு யாராவது, ஞானஸ்நானத்தில் தங்கள் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் ஆகும் உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். ஞானஸ்நானம் முடிந்து கோயில் படியில் நின்று, கூடி நிற்கும் சிறுவர்கள் மேல் சர்க்கரை பூசிய பாதாமை வாரி இறைக்க வேண்டும். அதை ஒரு தடவையாவது செய்யாத பெண் எங்கள் ஊரில் கிடையாது, ரெஜீனைத் தவிர.

கொடுக்க நினைக்காமல் இல்லை. அவருடைய தம்பிக்கு மூத்த மகன் பிறந்தபோது, ஞானத்தாய் வேறொருத்தி; அடுத்த குழந்தைக்கு ரெஜீன்தான் என்று பேச்சு. அந்த மூத்தவனின் சடங்கில் ரெஜீன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று "ஆமென்" என்றார். ஒரே ஒரு ஆமென். குழந்தை உடம்பெல்லாம் உதறி, நீலம் பாரித்து, மாலை வரைக்கும் வீறிட்டது. அடுத்த குழந்தையின் ஞானத்தாய் தம்பி மனைவியின் தங்கை. அதோடு யாரும் கேட்கவில்லை.

"ரெஜீன், அடுத்த தடவ ஆமெனை மனசுக்குள்ள சொல்லு" என்று காபிக் கடையில் சீண்டுவார்கள்.

"மனசுக்குள்ள சொன்னா ஆண்டவருக்கு எப்படிக் கேக்கும்? அவருக்கு மட்டும் வயசாகலையா?" என்று திருப்பிக் கொடுப்பார். சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு கோப்பையின் அடியைப் பார்ப்பார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன வருடம் ஈஸ்டருக்கு எங்கள் கோயில் மணி உடைந்தது. பெரிய வியாழனன்று மணிகளெல்லாம் ரோமுக்குப் பறந்துபோய் ஈஸ்டர் ஞாயிறு காலையில் திரும்பி வரும் என்று குழந்தைகளிடம் சொல்லி வளர்க்கிற ஊர் இது. அந்த ஞாயிறு வந்து சேர்ந்த மணி, ஓட்டைத் தகர வாளியை உதைத்த மாதிரி 'டப்' என்றது. மேயர் லூசியான் மேலே ஏறிப் பார்த்தார். கை நுழையும் அகலத்துக்கு விரிசல்.

"வழியில ஆல்ப்ஸ் மலையில முட்டிக்கிச்சு" என்று இறங்கி வந்து அறிவித்தார்.

"இத்தாலிக்காரன் எவனோ கல்லால அடிச்சிருப்பான்" என்றார் தெனி.

ஒட்ட முடியாது, உருக்கித்தான் வார்க்க வேண்டும் என்றார்கள் மணி வார்க்கிறவர்கள். செப்டம்பரில் பாரம்பரிய நாள் விழா வரும்போது புது மணி தயாராகிவிடும். மே மாதத்தில் கிரேன் வந்து பழைய மணியை இறக்கியது. லாரியில் அது கவிழ்ந்து உட்கார்ந்து போனபோது ஊரே கை காட்டியது, பட்டாளத்துக்குப் போகிறவனை அனுப்புவது போல.

மத்தியானத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மணி எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. ஆனால் மத்தியானம் கோபுரத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வைக்கோல் தூசியும் கிரீஸும் அப்பிய கையோடு எவன் ஃபோனை எடுத்துப் பார்ப்பான்? மணி அடித்தால் எஞ்சின் நிற்கும், மண்வெட்டி சாயும், சூப் பரிமாறப்படும். அது இல்லாமல் போன முதல் புல்லறுப்பு நாளில் பள்ளத்தாக்கு முழுக்க டிராக்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வீடுகளில் சூப் ஆறிக்கொண்டே இருந்தது. மேல் சரிவில் மாடுகளுக்கு மின்வேலியை நகர்த்திக் கட்டிக்கொண்டிருந்த ரெஜீனுக்கு, கீழே தன் கணவர் ரெமி மூன்றாவது சுற்றுக்கு டிராக்டரைத் திருப்புவது தெரிந்தது. பொறுமை போயிற்று.

"ரெமீஈஈ! மத்தியானம் ஆயிடுச்சு! சூப் ஆறுதுய்யா!"

ரெமியின் டிராக்டர் நின்றது. அடுத்த நிலத்தில் ஒன்று நின்றது. ஓடைக்கு அப்பால் இன்னொன்று. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதுபோலப் பள்ளத்தாக்கின் சத்தம் ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியில் வெட்டுக்கிளிகள் மட்டும் கேட்டன. எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல்:

"எங்களுக்கும் ஊத்துவியா ரெஜீன்?"

"தட்டு எடுத்துட்டு வா, ஊத்தறேன்!"

மறுநாள் எல்லாரும் காத்திருந்தார்கள். ரெஜீனும் அதைத் தெரிந்துகொண்டார் போல. தொப்பி கழன்றது, கட்டைவிரல் காதுக்குப் போனது. இந்த முறை ரெமியின் பெயர் இல்லை, சூப் இல்லை.

"மத்தியானஆஆம்!"

அன்றிலிருந்து கோடை முழுக்க எங்கள் ஊருக்கு மத்தியானம் ரெஜீன்தான். அதுவும் என்ன துல்லியம்! நான் வேலை செய்யும் சீஸ் கூடத்தில் காலைப் பாலைக் காய்ச்சி முடித்ததும் முதலாளி வீட்டுக்குப் போய்விடுவார். நான் செப்புத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு, ரொட்டியும் ஒரு புத்தகமுமாகப் படியில் போய் உட்காருவேன். உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கூட இருக்க மாட்டேன், மேலேயிருந்து குரல் இறங்கி வரும். கையில் கடிகாரமே கிடையாது அவருக்கு. இருந்த ஒன்றையும் ஒரு கன்றுக்குட்டி வாரோடு விழுங்கிவிட்டது. கோயில் கடிகாரமோ சதுக்கத்தைப் பார்த்தபடி இருப்பது. அவர் சரிவுக்கு முதுகைத்தான் காட்டும்.

"எப்படி ரெஜீன் உனக்கு நேரம் தெரியுது?" என்று மேயர் கேட்டார்.

"வயிறு சொல்லுது."

ஒரே ஒரு நாள்தான் தப்பியது. ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. தெனி சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளைகளை வேனில் கொண்டுவந்து வீட்டு வீட்டாக இறக்கிவிட்டார். எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. அம்மாக்கள் எல்லாம் இன்னும் வயலில். பிள்ளைகள் வாசற்படிகளில் பசியோடு உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது. அப்புறம் தெனியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன்யா நேரத்துக்கு முன்னாடியே கொண்டாந்து இறக்கின?"

"முன்னாடியா? இங்க பாருங்க, ஃபோனைப் பாருங்க! பன்னெண்டே கால்!"

"ஃபோனுக்கு என்னய்யா தெரியும்? ரெஜீன் இன்னும் கூப்பிடவே இல்லையே."

தெனி அதை மறக்கவில்லை. ஆகஸ்டில் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. நகரத்திலிருந்து ஊருக்கு வரும் பொட்டலங்களையும் அவர்தான் வேனில் கொண்டுவருவார். ரெஜீன் பெயருக்கு மிட்டாய்க் கடையிலிருந்து ஒரு பெட்டி. குலுக்கிப் பார்த்தார். கலகலவென்றது. பாதாம்!

மாலைக்குள் காபிக் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. புது மணிக்கு ஞானஸ்நானம் உண்டு. குழந்தைக்குப் போலவே ஞானத்தாய் உண்டு. அந்தப் பெண்ணின் பெயர்தான் மணிக்கும் பெயர். அவர் யார் என்று ஊர்ச் சபை இன்னும் கூடி முடிவு செய்யவில்லை. ரெஜீனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் வச்ச கதையா இருக்கே!" என்றார் தெனி. கடை குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. கோடை முழுக்க ரெஜீன் எதை மனதில் வைத்துக் கூவிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சபை மதாம் கிளெமான்ஸைத் தேர்ந்தெடுத்தது. பாரம்பரியச் சங்கத்தின் தலைவி, ஊரின் பழைய மருந்துக்கடைக்காரர். ஊரார் துணி துவைத்த பழைய சலவைத் துறையின் கூரையை மாற்ற வைத்ததும் பொது ரொட்டி அடுப்பை மறுபடி மூட்ட வைத்ததும் அவர்தான். மணிக்காக அலைந்ததும் அவர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயரும் வார்ப்படத்தில் ஏறிவிட்டது: கிளெமான்ஸ்.

முடிவு தெரிந்த அன்று மாலை ரெஜீன் எங்கள் கூடத்துக்குப் பால் ஊற்ற வந்தார். சீஸ் வாங்க வரிசையில் பின்னால் நின்ற தெனிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெஜீனக்கா, அந்தப் பாதாமையெல்லாம் இப்ப என்ன பண்ணப்போற?"

"மாட்டுக்குப் போடுவேன். உனக்கு வர்ற சீஸ் இனிக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, பாத்திரத்தைக் கவிழ்த்தபடியே, "மதாம் கிளெமான்ஸ் நல்ல தேர்வுதான் தம்பி. குரலு பட்டு மாதிரி" என்றார்.

மறுநாளும் மத்தியானம் வந்தது, சரியான நேரத்துக்கு. ஆனால் படியிலிருந்து பார்த்தேன், தொப்பி தலையிலேயே இருந்தது.

விழா ஞாயிறு! அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் சதுக்கம் கண்டதில்லை. பொது அடுப்பிலிருந்து வந்த பிளம் டார்ட்டுகள் நீள மேசைகளில் வரிசையாக இருந்தன. பழைய டிராக்டர்கள் பூமாலையோடு. கோயில் வாசலில் மரச் சட்டத்தில் புது மணி தொங்கியது. கழுத்திலிருந்து வெள்ளைப் பின்னல் அங்கி உடுத்தி, அங்கிக்குக் கீழே பொன்னிற விளிம்பு மட்டும் பாதம்போலத் தெரிய, நிஜமாகவே ஒரு பருமனான குழந்தை. ஃபாதர் அன்செல்ம் அதைத் தண்ணீரால் கழுவி, எண்ணெய் பூசி, உள்ளே சாம்பிராணி காட்டினார். பெனின் நாட்டிலிருந்து வந்து எங்கள் மலையின் பன்னிரண்டு ஊர்களுக்குப் பூசை வைக்கும் மனிதர். பனிக்காலத்தைத் தவிர எதற்கும் அசைய மாட்டார்.

இனி எங்கள் ஊர் வழக்கம். மணியைக் கோபுரத்தில் ஏற்றுவதற்கு முன் ஞானத்தாய் கோயில் படியில் நின்று அதன் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். கடைசி வீட்டுக்குக் கேட்க வேண்டும். கேட்டதும் அந்த வீட்டுக்காரர் ஜன்னலில் வெள்ளை விரிப்பைத் தொங்கவிடுவார். விரிப்பு தொங்கினால்தான் பெயர் ஏறியது, மணியும் ஏறலாம்.

போன தடவை இது நடந்தபோது கடைசி வீடு ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த கொல்லன் வீடு. அது நூறு வருடக் கதை. அதற்குப் பிறகு ஓடையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, கோம்ப் முகட்டில் ஃபிர்மேனுடைய அப்பா ஒரு வீடு கட்டிவிட்டார். மாதக்கணக்காக எல்லா ஏற்பாடும் செய்த சங்கமோ சபையோ இந்த ஒன்றை மட்டும் நினைக்கவில்லை. வழக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தோம். ஊர் நீண்டதைத்தான் மறந்துவிட்டோம்.

முகட்டில், எறும்பளவு தெரிந்தார் ஃபிர்மேன். ஜன்னலருகே, கையில் விரிப்போடு, தயாராக.

"கிளெமான்ஸ்" என்றார் மதாம் கிளெமான்ஸ். மருந்துக் கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற இனிமையோடு.

எல்லாத் தலைகளும் முகட்டுக்குத் திரும்பின. ஒன்றுமில்லை. இரண்டாவது முறை நெஞ்சில் கை வைத்துக் கூப்பிட்டார். மூன்றாவது முறை குரல் கீறிவிட்டது. ஜன்னல் ஜன்னலாகவே இருந்தது.

மேயர் ஃபோனை எடுத்தார். சதுக்கமே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபிர்மேன், விரிப்பைத் தொங்கவிடு."

"எதுக்கு?"

"கூப்பிட்டாச்சுப்பா. மூணு தடவ."

"எனக்குக் கேக்கலையே."

"அதான் நான் சொல்றேன்ல!"

"நீ சொல்றது ஃபோன்ல கேக்குது லூசியான். மணியோட பேரு கேக்கல. சாமி முன்னாடி என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? எங்க வீட்டு விரிப்பு அப்படியெல்லாம் தொங்காது."

வெடிச்சிரிப்பு. "மைக் கொண்டாங்க!" என்று தெனி கத்தினார். ஃபாதர் அன்செல்ம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மைக்குக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலையே" என்றார்.

சிரிப்பு அடங்கியது. கூட்டம் மெதுவாக, கோதுமை வயலில் காற்றுப் போவது போல, ஒரே பக்கமாகத் திரும்பியது. பின்வரிசையில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியுமாக, ரெமியின் தோளுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றிருந்தார் ரெஜீன்.

மதாம் கிளெமான்ஸ் படியிறங்கி நேராக அவரிடம் போனார்.

"ரெஜீன், நீங்க கூப்பிடுங்க."

"நானா? வேணாம் மதாம். குழந்தை அழுதுடும்."

"இது வெண்கலக் குழந்தை. அழுதாத்தான் நல்லது."

மேயர் தலையைச் சொறிந்தார். "ஆனா கூப்பிடறவங்கதானே ஞானத்தாய்? பேரு வேற வார்த்தாச்சே..."

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு தாய்" என்றார் ஃபாதர் அன்செல்ம். "ஒருத்தங்க பேரைக் குடுத்தாங்க, ஒருத்தங்க குரலைக் குடுப்பாங்க. எங்க ஊர்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு தாய். எந்தப் பிள்ளையும் அதனால மெலிஞ்சு போகல. வாங்கம்மா, சாம்பிராணி அணையுது."

ரெஜீன் படியேறினார். தொப்பி கழன்றது. இடுப்பில் வார் இல்லாததால் அதை மதாம் கிளெமான்ஸின் கையில் கொடுத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். கட்டைவிரல் காதுக்குப் பின்னால் போனது. சதுக்கத்தில் கைக்குழந்தைகள்கூட அமைதியாக இருந்தன. கொடிகள் படபடத்தன, படபடத்தன, ஓய்ந்தன. குதிகால்கள் எழும்பின.

"கிளேஏஏ... மாஆஆன்ஸ்!"

என் பக்கத்திலிருந்த கோப்பை சிணுங்கியது. பின்னல் அங்கிக்குள் மணி தானாகவே லேசாக ஹும் என்றது. நான் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். முகட்டில் வெள்ளை விழுந்தது! விரிப்பு! இரண்டாவது கூப்பாடு தேவையே இல்லை, ஆனாலும் கூப்பிட்டார், மூன்றாவதும் கூப்பிட்டார், இத்தனை வருடம் சேர்த்து வைத்ததை யார் பாதியில் நிறுத்துவார்கள்? மூன்றாவதற்கு, முகட்டுக்கு அப்பால் அடுத்த ஊரில் யாரோ மேசைவிரிப்பை எடுத்து ஆட்டினார்கள். தெனி தொப்பியை மேலே எறிந்தார். மேயர் ஃபோனில் "கேட்டுதா? கேட்டுதா?" என்று கத்த, "காது போச்சுய்யா!" என்றார் ஃபிர்மேன்.

அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் வந்தது. கழுத்து மணிகள். ஒன்றல்ல, ஒரு கூட்டம். வார்த்தை எதுவாக இருந்தால் என்ன, கூப்பிட்டது அவற்றுடைய ரெஜீன் அல்லவா! மின்வேலியைச் சாய்த்துவிட்டு, சலவைத் துறையைச் சுற்றிக்கொண்டு, அத்தனை மாடுகளும் சதுக்கத்துக்குள் ஓடி வந்தன. பெண்கள் டார்ட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. ரெமி கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓட, மணிமாலை அணிந்த மூத்த பசு அவரைத் தாண்டிப் போய் மணியின் பின்னல் அங்கியை ஒரு வாய் தின்று, வெண்கலத்தை நாக்கால் நக்கியது.

"ரெண்டாம் ஞானஸ்நானம்" என்றார் ஃபாதர்.

ரெஜீனும் மதாம் கிளெமான்ஸும் சேர்ந்து மணி நாக்கின் கயிற்றைப் பிடித்து அடித்தார்கள். முதல் அடி! தகர வாளியெல்லாம் மறந்தே போனது. பழுத்த, கனத்த, தேன் நிறமான ஒரு சத்தம் எங்கள் தோள்களின் மேல் வந்து அமர்ந்தது. ரெஜீன் அழுதார். அழுகையும் சத்தமாகத்தான் வந்தது.

பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டார். பாதாம்! அன்று காலை கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறார். கேட்கவில்லை, கிடைக்கவில்லை, ஆனாலும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். விதைப்பவர்போல் கையை வீசி வீசி இறைத்தார். பிள்ளைகள் மாட்டுக் கால்களுக்கிடையில் புகுந்து பொறுக்கினார்கள். தெனிக்கு நெற்றியில் ஒன்று பலமாக விழுந்தது. தற்செயலாக விழுந்ததாக நான் நம்பவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெஜீன் நான் நின்ற மூலைக்கு வந்தார். என் கையைப் பிடித்து, விரித்து, ஒரு பிடி பாதாமை வைத்து மூடினார்.

"இது உன் பங்கு தம்பி" என்று கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார். என் பங்கா? என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார் என்றுதான் எண்ணினேன்.

இப்போது மத்தியானத்தை மோட்டார் அடிக்கிறது, மணி கிளெமான்ஸ் சொல்கிறாள். ரெஜீனின் குரல் மாடுகளுக்கு மட்டும். மணிச் சத்தம் வரும்போது மட்டும், "பாரு, என் பொண்ணு கூப்பிடறா" என்று பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

முதல் பனி விழுந்த வாரம் ரெஜீனுக்குச் சளி. ரெமி பால் ஊற்ற வந்தார். கேட்க நினைத்துக் கேட்காமலே வைத்திருந்ததை அன்று கேட்டேன்: கோடையில் அவருக்கு மட்டும் எப்படி நேரம் தெரிந்தது?

ரெமி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? எங்க மேல் சரிவிலருந்து பாத்தா ஊர்ல ஒரே ஒரு கதவுதான் தெரியும். இந்தப் பின்கதவு. நீ புத்தகத்தோட வெளிய வந்து உட்கார்ந்தா அவளுக்கு மத்தியானம்."

ஜூன் கடைசியின் அந்தச் செவ்வாய்க்கிழமை, தொட்டியைக் கழுவி முடித்த பிறகும் நான் உள்ளேயே நின்று ஒரு கவிதையை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.